முட்டை சமைக்கப் பழகுகிறவர்களுக்கு: முதலில் அடுப்பைச் சிம்மில் வையுங்கள்

தம்பி ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து தனியாக அறை எடுத்த இரண்டாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான். "அக்கா, ஆம்லெட் அடியில கருகிடுது, மேல பச்சையா இருக்கு, திருப்பிப் போட்டா ரப்பர் மாதிரி ஆயிடுது, முட்டை சரியில்லையா?" வீடியோவைப் போடச் சொல்லிப் பார்த்தேன். அடுப்பு முழுத்தீயில் எரிந்துகொண்டிருந்தது, கல்லிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது, அதில்தான் மூன்றாவது ஆம்லெட்டை ஊற்றத் தயாராக நின்றான். "முட்டைல ஒண்ணும் இல்லடா, மொதல்ல தீயைக் குறை" என்றேன்.

அன்றைக்குச் சொன்னதையும் அதற்கப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன், வீட்டை விட்டு வந்து முதல்முறையாக அடுப்புப் பற்றவைக்கிற எல்லோருக்கும் உதவும். ஒரே ஒரு விஷயம் மனதில் பதிந்தால் போதும், மற்றதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். முட்டை வேக அதிகச் சூடு தேவையே இல்லை. வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே இறுக ஆரம்பித்துவிடும், மஞ்சள்கரு 65 டிகிரி வாக்கில் கெட்டியாகத் தொடங்கி 70 டிகிரியில் நன்றாக உறைந்துவிடும். கொதிக்கிற தண்ணீரே 100 டிகிரி. எண்ணெய் புகைகிற தோசைக்கல் 200 டிகிரியைத் தாண்டி நிற்கும். அவ்வளவு சூட்டில் முட்டையை ஊற்றினால் அதிலுள்ள புரதம் சுருங்கி, உள்ளே பிடித்துவைத்திருக்கிற ஈரத்தையெல்லாம் பிழிந்து தள்ளிவிடும், ரப்பர் மாதிரி ஆவது அதனால்தான். இன்னொன்று, அடுப்பை அணைத்தபிறகும் கல்லில் தங்கியிருக்கிற சூட்டில் முட்டை வெந்துகொண்டே இருக்கும், ஆகவே "இன்னும் ஒரு அரை நிமிஷம் இருக்கட்டுமே" என்று தோன்றுகிற நேரத்தில்தான் இறக்க வேண்டும்.

சரி, கடையிலிருந்து ஆரம்பிப்போம். நம் ஊரில் கிடைக்கிற வெள்ளை முட்டை பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வருகிறது, ஒன்று ஏறக்குறைய 50 முதல் 55 கிராம் இருக்கும். நாட்டுக்கோழி முட்டை அதைவிடச் சின்னது, அதனால் சீக்கிரம் வெந்துவிடும், நேரத்தில் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ குறைத்துக்கொள்ளுங்கள். ஓடு வெள்ளையா பழுப்பா என்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது, மஞ்சள்கருவின் நிறம் அது தின்ற தீவனத்தைப் பொறுத்தது, இரண்டையும் வைத்துச் சத்து கூட, குறைய என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாங்கும்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள், மயிரிழை விரிசல் இருந்தால்கூட மாற்றித் தரச் சொல்லுங்கள், கடைக்காரர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முட்டைகளைக் கழுவி அடுக்கிவைக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அது வேண்டாம். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் இருக்கும், ஓட்டிலிருக்கிற ஆயிரக்கணக்கான நுண்துளைகளை அதுதான் அடைத்துவைத்திருக்கிறது, கழுவினால் அது போய்விடும், கிருமி உள்ளே போக வழி திறந்துவிடும். சமைப்பதற்குச் சற்றுமுன் கழுவினால் போதும். ஃபிரிட்ஜ் இருந்தால் கூரான முனை கீழே இருக்கும்படி உள்தட்டில் வையுங்கள், கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடும் குளிரும் மாறி மாறி அடிக்கும். ஃபிரிட்ஜ் இல்லாத அறை என்றால் நிழலான இடத்தில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுகிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

எப்போது வாங்கினோம் என்று மறந்துபோய்விட்டதா, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து முட்டையை மெதுவாக விடுங்கள். அடியில் படுத்துக்கொண்டால் புதுசு. அடியிலேயே ஒரு முனையில் நிமிர்ந்து நின்றால் பழசு, ஆனாலும் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். மேலே மிதந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். முட்டையின் அகலமான பக்கத்தில் ஒரு காற்றறை இருக்கிறது, நாளாக ஆக உள்ளிருக்கும் ஈரம் ஓட்டின் துளை வழியே போய் அந்தக் காற்றறை பெரிதாகும், மிதப்பது அதனால்தான். எதற்கும் உடைத்ததும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள், கெட்ட முட்டையை மூக்கு ஒருநாளும் விடாது.

உடைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பாத்திர விளிம்பில் தட்டுகிறவர்கள்தான் அதிகம், அப்படித் தட்டினால் ஓட்டுத்துண்டு உள்நோக்கிக் குத்தும், மஞ்சள்கருவும் உடையும். சமையல் மேடை மாதிரி தட்டையான இடத்தில் முட்டையின் நடுப்பகுதியை ஒரே ஒரு தட்டு, பயப்படாமல், கொஞ்சம் அழுத்தமாகத் தட்டுங்கள், "டக்" என்கிற சத்தம் மாறி லேசாக "கிரக்" என்று கேட்கும். அந்த விரிசலில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துப் பிரித்தால் போதும். எப்போதும் ஒரு சின்னக் கிண்ணத்தில்தான் உடைக்க வேண்டும், ஒவ்வொன்றாக, நேராகக் கல்லிலோ, உடைத்துவைத்த மற்ற முட்டைகளோடோ கூடாது. நான்கு நல்ல முட்டையோடு ஐந்தாவதாக ஒரு கெட்ட முட்டை விழுந்தால் எல்லாம் போச்சு. ஓட்டுத்துண்டு விழுந்துவிட்டால் விரலால் எடுக்கப் போகாதீர்கள், வழுக்கி வழுக்கி ஓடும், உடைத்த ஓட்டின் பாதியாலேயே அள்ளுங்கள், ஒரே முயற்சியில் வந்துவிடும். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை, பச்சை முட்டையிலும் ஓட்டிலும் சால்மோனெல்லா இருக்க வாய்ப்புண்டு.

இனி அவிக்கிற முட்டை. எல்லோரும் சுலபம் என்று நினைக்கிறார்கள், ஆனால் அதிகமாகக் கெடுவதும் இதுதான், ஏனென்றால் அடுப்பில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறோம். நான் செய்கிற முறை இது. முட்டை மூழ்கி அதற்குமேல் இரண்டு விரல்கடை நிற்கிற அளவுக்குத் தண்ணீர் வைத்து நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கொதித்ததும் தீயைக் குறைத்து, ஒரு குழிக்கரண்டியில் முட்டையை வைத்து மெதுவாக அடியில் இறக்குங்கள், மேலிருந்து போட்டால் விரிசல் விடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை என்றால் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற நேரம் மட்டும் வெளியே வைத்திருங்கள், போதும். இறக்கியதும் போனில் டைமர் போடுங்கள், கண்ணளவு வேண்டாம். தண்ணீர் தளதளவென்று குதிக்கத் தேவையில்லை, சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டிருந்தால் போதும். 7 நிமிடத்தில் வெள்ளை இறுகி மஞ்சள் தேன் மாதிரி இருக்கும். 9 நிமிடத்தில் மஞ்சள் நடுவில் மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், எனக்குப் பிடித்தது இது. 11, 12 நிமிடத்தில் முழுக்க வெந்துவிடும், குழம்பில் போடுவதற்கும் டிபனில் கட்டிக்கொண்டு போவதற்கும் இதுதான் சரி. பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டுச் சேர்த்துக் கொதிக்கவைக்கிற முறையும் உண்டு, ஆனால் ஒவ்வொரு அடுப்பிலும் கொதிக்கிற நேரம் வேறுபடும், பழகுகிறவருக்குக் கணக்கு பிடிபடாது.

ஊட்டியில் இருக்கிறவர்கள் இந்தக் கணக்கில் இரண்டு நிமிடமாவது கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் சூடாகாது. கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

டைமர் அடித்ததும் வெந்நீரைக் கொட்டிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள், ஒரு நிமிடத்தில் அதுவும் சூடாகிவிடும், அதைக் கொட்டி இன்னொருமுறை ஊற்றுங்கள், ஐஸ் இருந்தால் நாலு கட்டி போடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் உள்ளிருக்கும் சூட்டில் முட்டை வெந்துகொண்டே போகும். அவித்த முட்டையை நறுக்கும்போது மஞ்சளைச் சுற்றி ஒரு பச்சை, சாம்பல் வளையம் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்கருவில் இருக்கும் கந்தகமும் மஞ்சள்கருவில் இருக்கும் இரும்பும் அதிகச் சூட்டில் சேர்வதால் வருவது அது. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, ஆனால் மணமும் ருசியும் போய்விட்டது என்பதற்கு அடையாளம்.

உரிப்பதுதான் பலருக்குத் தொல்லை. முட்டை அன்றைக்கே வந்த புதுசாக இருந்தால் எவ்வளவு பக்குவமாக அவித்தாலும் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்துகொண்டு வரும். புது முட்டைக்குள் கரியமில வாயு கூடுதலாக இருக்கும், அப்போது வெள்ளைக்கரு உள்சவ்வோடு இறுக ஒட்டிக்கொள்ளும், நாள் போகப் போக அந்த வாயு வெளியேறி ஒட்டு தளர்ந்துவிடும். அதனால் அவிப்பதற்கு நாலைந்து நாள் ஆன முட்டையையும், ஆஃப்பாயிலுக்குப் புது முட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் உப்புப் போட்டால் நன்றாக உரியும் என்பார்கள், நான் போட்டும் போடாமலும் செய்து பார்த்திருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. உள்ளங்கையால் மேடையில் லேசாக உருட்டி ஓடு முழுக்க விரிசல் விடவைத்து, காற்றறை இருக்கிற அகலமான பக்கத்திலிருந்து தொடங்கி, தண்ணீருக்குள்ளேயே வைத்து உரியுங்கள், சவ்வுக்கும் வெள்ளைக்கும் இடையே தண்ணீர் புகுந்து தானே தள்ளிக்கொடுக்கும்.

அறையில் மைக்ரோவேவ் இருக்கிறதே என்று அதில் மட்டும் ஓட்டோடு முட்டையை வைத்துவிடாதீர்கள். உள்ளே நீராவி போக வழியில்லாமல் வெடிக்கும். அவித்து உரித்த முட்டையை அதில் சூடு பண்ணினாலும் இதேதான், சில சமயம் வெளியே எடுத்துக் கடிக்கிற நேரத்தில் வெடித்து வாயையும் முகத்தையும் சுட்டுவிடும்.

அடுத்தது ஆஃப்பாயில். தீயைப் பற்றிப் படிக்க இதைவிட நல்ல பாடம் இல்லை. தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சுர்ரென்று அடங்கி மெதுவாக ஆவியானால் சரியான சூடு, சொட்டு முத்து மாதிரி உருண்டு ஓடினால் சூடு கூடிப்போச்சு, அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பரப்பி, தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்து, கிண்ணத்திலிருக்கும் முட்டையைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சரித்துவிடுங்கள். இனி கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள், எதையும் தொட வேண்டாம். முதலில் கண்ணாடி மாதிரி இருந்த வெள்ளைக்கரு ஓரத்திலிருந்து பால் நிறமாக மாறிக்கொண்டு வரும், மஞ்சளைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கடைசிவரை கொழகொழவென்று இருக்கும், அந்த இடத்தில் வெள்ளை தடிமனாக இருப்பதால் வேகத் தாமதமாகும். அதற்காகத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகிவிடும், ஒரு மூடியைப் போட்டு மூடுங்கள். முக்கால் நிமிடம், ஒரு நிமிடத்தில் ஆவியிலேயே வெந்துவிடும், மஞ்சள்மேல் மெல்லிய வெள்ளைத் திரை படியும். உப்பு, மிளகுத்தூள் தூவி இறக்கிவிடுங்கள். மஞ்சளும் வேக வேண்டும் என்றால் திருப்பிப் போட்டு அரை நிமிடம் விட்டால் ஃபுல்பாயில்.

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆஃப்பாயில், கலக்கி மாதிரி மஞ்சள் ஓடுகிற பக்குவத்தில் சாப்பிடக் கூடாது. அவர்களுக்கு முழுக்க வேகவைத்துக் கொடுங்கள்.

முட்டை கல்லில் ஒட்டுகிறது என்று பலர் சொல்வார்கள். இரும்புக்கல் புதுசாக இருந்தால் ஒட்டத்தான் செய்யும், ஒரு மாதம் தோசை சுட்டுப் பழகிய கல்லில் முட்டை வழுக்கிக்கொண்டு வரும். கல்லைச் சூடாக்காமல் எண்ணெயும் முட்டையும் சேர்த்து ஊற்றினாலும் ஒட்டும். முதல் ஒரு மாதம் ஒரு சின்ன நான்ஸ்டிக் தவா வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை, அதில் மட்டும் இரும்புக் கரண்டி போடாதீர்கள், வெறும் தவாவை முழுத்தீயில் காயவும் விடாதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் இருப்பதிலேயே குறைந்த அளவுக்கு ஒருபடி மேலே வைத்து ஆரம்பியுங்கள், சூடு கூடுகிறது என்று தெரிந்தால் பட்டனைத் தேடாமல் தவாவைத் தூக்கிவிடுங்கள்.

தம்பியின் ஆம்லெட்டுக்கு வருகிறேன். தீயைக் குறைத்தபிறகும் அவனுக்கு ஒன்று சரியாக வரவில்லை, திருப்பும்போது பிய்ந்துகொண்டே இருந்தது. நறுக்கிய வெங்காயத்தைக் காட்டச் சொன்னேன், ஒவ்வொரு துண்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது. பெரிய துண்டு போட்டால் அந்த இடத்தில் முட்டை பிடிக்காது, அங்கேதான் கிழியும். இரண்டு முட்டைக்கு நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், நாலு கறிவேப்பிலை, எல்லாம் எவ்வளவு பொடியாக முடியுமோ அவ்வளவு பொடியாக நறுக்குங்கள். வெங்காயத்தில் உப்புப் போட்டு விரலால் கொஞ்சம் பிசைந்துவிட்டு, அதில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், கால் டீஸ்பூன் மிளகுத்தூள் சேர்த்து, முட்டையை ஊற்றி முள்கரண்டியால் அடியுங்கள். மேலே நுரை வந்து, கரண்டியைத் தூக்கினால் வெள்ளைக்கரு கயிறு மாதிரி தொங்காமல் தண்ணீர் போல வழிய வேண்டும், முப்பது நாற்பது அடி அடித்தால் வந்துவிடும். கலக்கியதை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், வெங்காயம் தண்ணீர் விட்டு நீர்த்துப்போகும், கல் காய்ந்தபிறகு கலக்குங்கள்.

ஊற்றியதும் கல்லைத் தூக்கிச் சுழற்றிப் பரப்பிவிடுங்கள், கனமான கல் என்றால் கரண்டியின் பின்பக்கத்தால் லேசாகத் தள்ளினால் போதும், தோசை மாதிரி தேய்க்காதீர்கள். மிதமான தீயைவிடக் கொஞ்சம் குறைவு. மேற்புறத்தில் ஈரம் மினுங்குகிறது, ஆனால் கல்லைச் சாய்த்தால் ஓடவில்லை என்கிற நேரத்தில் ஓரத்தை ஒருசுற்று எடுத்துவிட்டு, தோசைத்திருப்பியை நடுவரைக்கும் உள்ளே விட்டுத் திருப்புங்கள். ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கினால் பிய்யும். திருப்பியபிறகு இருபது விநாடி, அவ்வளவுதான், அடுப்பை அணைத்துவிடுங்கள்.

பிய்ந்துவிட்டால் கவலை வேண்டாம், அப்படியே கிளறிவிடுங்கள், பொடிமாஸ். முறையாகச் செய்கிற பொடிமாஸ் இன்னும் நன்றாக இருக்கும். வாணலியில் எண்ணெய் விட்டுக் கடுகு பொரித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் உப்புச் சேர்த்துச் சுருள வதக்கி, தீயைச் சிம்முக்குக் குறைத்துவிட்டு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். ஊற்றியதும் கிளறத் தோன்றும், பத்துப் பதினைந்து விநாடி பொறுங்கள், அடியில் ஒரு படலம் பிடித்தபின் பெரிய பெரிய துண்டாகப் புரட்டிவிடுங்கள். விடாமல் கிளறினால் மணல் மாதிரி பொடிந்துபோகும். ஈரம் போய் முட்டை மட்டும் இன்னும் பளபளவென்று இருக்கும்போதே அணைத்துத் தட்டில் கொட்டிவிடுங்கள், வாணலியிலேயே விட்டால் ஐந்து நிமிடத்தில் வறண்டுவிடும். ரசம் சாதத்துக்கு இதை மிஞ்ச வேறொன்று எனக்குத் தெரியாது.

கலக்கி கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கத்துப் பரோட்டாக் கடைகளில் சாப்பிட்டிருப்பீர்கள். முட்டையோடு ஒரு கரண்டி சால்னா, உப்பு, மிளகு கலந்து சூடான கல்லில் ஊற்றி, ஓரம் பிடித்ததும் நாலுபக்கமும் உள்ளே மடித்து, உள்ளே கொழகொழவென்று இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள். சில விநாடிகளில் முடிகிற வேலை, கை வேகம் வேண்டும், ஆம்லெட் நாலைந்து முறை ஒழுங்காக வந்தபிறகு முயற்சி செய்யுங்கள்.

கடைசியாக, அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய குழம்போ, முந்தினநாள் வைத்த காரக்குழம்போ மிச்சம் இருந்தால், அவித்து உரிக்கிற வேலைகூட இல்லாமல் ஒரு முட்டைக்குழம்பு செய்யலாம். குழம்பில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கொதித்ததும் சிம்மில் வையுங்கள். ஒவ்வொரு முட்டையாகக் கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தைக் குழம்பின்மேல் படுகிற மாதிரி தாழ்த்தி மெதுவாகச் சரித்துவிடுங்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இடம் விடுங்கள். மூடிவைத்து ஐந்து நிமிடம் கரண்டியே போடக் கூடாது, போட்டால் குழம்பு முழுக்கத் திரிந்து நூல் நூலாகிவிடும். ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து மஞ்சளை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் இன்னும் இரண்டு நிமிடம், கெட்டியாக இருந்தால் அணைத்துவிட்டுச் சோற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தம்பி இப்போது வாரம் இரண்டுமுறை இதைத்தான் செய்கிறான். போன வாரம் போட்டோ அனுப்பினான், நாலு முட்டையும் உடையாமல் இருந்தன.